மீன்தொட்டி வடிகட்டியில் நீரோட்டம் குறைதல்: ஒரு வரலாறு

மீன்தொட்டி வடிகட்டி என்பது தொட்டியின் நீரை இழுத்து, பஞ்சு, சரளை, பீங்கான் வளையம் போன்ற பொருள்களின் ஊடே செலுத்தி, மீண்டும் தொட்டிக்கே அனுப்பும் கருவி ஆகும். வாங்கிய நாளில் நன்றாக ஓடும் வடிகட்டியும் சில வாரங்களில் வேகம் குறைந்து, நீர் ஒழுகும் நிலைக்கு வந்துவிடும். வீட்டார் அதைக் கழற்றிக் குழாயடிக்குக் கொண்டுபோய், பஞ்சு வெளுக்கும்வரை கசக்கிக் கழுவி மாட்டுகிறார்கள். நீர் பழையபடி பாய்கிறது. ஆனால் அடுத்த சில நாள்களில் மீன்கள் ஒவ்வொன்றாக இறக்கின்றன. அழுக்கை நீக்கியதற்கு மீன் ஏன் சாக வேண்டும்? இக்கேள்விக்கு விடை கிடைக்க ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின.

வடிகட்டி இல்லாத காலம்

1846-ஆம் ஆண்டு இங்கிலாந்தைச் சேர்ந்த அன்னா தைன் என்னும் பெண்மணி, டார்க்கி கடற்கரையில் கிடைத்த பவள உயிரிகளை இலண்டனில் இருந்த தம் வீட்டுக்குக் கொண்டுவந்து கடல்நீரில் வளர்த்தார். அவர் வீட்டில் மோட்டார் ஏது? பணிப்பெண் ஒருவர் திறந்த சன்னலின் முன் நின்று, அந்த நீரைப் பாத்திரத்துக்குப் பாத்திரம் மாற்றி மாற்றி ஊற்றினார். தேநீர்க் கடையில் ஆற்றுவதைப் போன்ற இந்த வேலை அன்றாடம் அரை மணி நேரத்துக்கு மேல் நடந்தது. நீரில் காற்றுக் கலப்பதற்கு அதுவே வழியாக இருந்தது.

வேதியியலாளர் இராபர்ட் வாரிங்டன் 1849-இல் வேறொரு வழியில் முயன்றார். தங்கமீன்களுடன் வல்லிசுநேரியா என்னும் நீர்த்தாவரத்தை வைத்தார். செடி உயிர்வளி தரும், மீனின் கழிவைச் செடி எடுத்துக்கொள்ளும் என்பது அவர் கணக்கு. கணக்கு சரியாகவே இருந்தது, ஆனால் அழுகிய இலைகள் கொழகொழப்பாகி நீரைக் கலக்கின. பிறகு குளத்து நத்தைகளை விட்டார். அவை அழுகலைத் தின்று தொட்டியைத் தெளிய வைத்தன. 1850-இல் அவர் வெளியிட்ட இந்தச் சோதனையே வீட்டு மீன்தொட்டிக்கு அடிப்படையாகக் கொள்ளப்படுகிறது. இலண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் 1853-இல் மீன் இல்லம் திறக்கப்பட்டது. மறு ஆண்டு பிலிப் ஹென்றி காஸ் எழுதிய நூலால் அக்வேரியம் என்ற சொல்லும் பரவியது.

நீரை ஓடவிட வேண்டும் என்பதைக் கொள்கையாக வற்புறுத்தியவர் வில்லியம் ஆல்ஃபோர்டு லாய்டு. 1871-இல் இலண்டனின் கிரிஸ்டல் பேலஸில் அவர் அமைத்த காட்சியகத்தில், பார்வையாளர் காணும் தொட்டிகளைவிடப் பலமடங்கு பெரிய இருட்டு நீர்த்தேக்கம் ஒன்று கீழே இருந்தது. நீராவியால் இயங்கிய பம்புகள் நீரை ஓயாமல் மேலே ஏற்றின. அதே நீர்தான் திரும்பத் திரும்பச் சுற்றியது. நீர் தெளிந்தது என்பது கண்ணுக்குத் தெரிந்தது. அதைத் தெளிய வைத்தது எது என்பதை அப்போது எவரும் அறிந்திருக்கவில்லை.

மணல் சொன்ன பாடம்

விடை மீன் வளர்த்தவர்களிடமிருந்து வரவில்லை. குடிநீரையும் சாக்கடை நீரையும் ஆராய்ந்தவர்களிடமிருந்து வந்தது. 1829-இல் ஜேம்ஸ் சிம்ப்சன் இலண்டன் செல்சியில் மெதுமணல் வடிகட்டியை அமைத்தார். சென்னை கீழ்ப்பாக்கத்தில் 1914-இல் அமைந்தவையும் இவ்வகையே. இவற்றில் மணலின் மேல் நாளடைவில் ஒரு வழுவழுப்பான படலம் படியும். அது தடிக்கத் தடிக்க நீரோட்டம் குறையும். அப்போது மேல்மணலை மெல்லியதாகச் சுரண்டி எடுப்பார்கள். சுரண்டிய உடனே வரும் நீர் அவ்வளவு நம்பத்தக்கதன்று. அடைப்பை உண்டாக்கும் அந்தப் படலம்தான் நீரைச் சுத்தமும் செய்கிறது.

இதை 1892-இல் ஜெர்மனி பட்ட துயரம் காட்டியது. எல்பா ஆற்று நீரை வடிகட்டாமல் குடித்த ஹாம்பர்கு நகரில் காலரா பல்லாயிரம் பேரைத் தாக்கியது. அதே ஆற்றின் நீரை, இன்னும் அசுத்தமான இடத்தில் எடுத்தாலும், மணலில் வடித்துக் குடித்த பக்கத்து ஊரான ஆல்டோனா பெரும்பாலும் தப்பியது. அடுத்த குளிர்காலத்தில் ஆல்டோனாவிலும் சிறு அளவில் நோய் தோன்றியபோது, ராபர்ட் காக், சுத்தம் செய்யும் நேரத்தில் உறைபனியால் கெட்டுப்போன மணற்படுகை ஒன்றைக் காரணமாகக் காட்டினார். கழுவும் வேளையே ஆபத்தான வேளை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

மீனுக்கு நேரடியாகப் பொருந்தும் சோதனையைப் பிரான்சில் ஷ்லோசிங், முன்ட்ஸ் இருவரும் 1877-இல் வெளியிட்டனர். மணலும் சுண்ணாம்புக்கல் தூளும் நிரப்பிய நீண்ட கண்ணாடிக் குழாயில் சாக்கடை நீரை மெல்ல விட்டனர். ஏறத்தாழ 20 நாள்கள் வரை, உள்ளே போன அம்மோனியா அப்படியே வெளியே வந்தது. அதன்பின் நைட்ரேட் வரத் தொடங்கியது. குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தியதும் மாற்றம் நின்றது. சிறிது மண் கழுவிய நீரை ஊற்றிய பிறகு, சில நாள்கள் கழித்து மீண்டும் தொடங்கியது. அப்படியானால் வேலை செய்தது மணல் அன்று, மணலில் குடியேறிய உயிர். வேதியியல் பாடத்தில் இச்சோதனையைச் சேர்க்காதது ஒரு குறை என்றே சொல்ல வேண்டும். 1890-இல் செர்கேய் வினோகிராட்ஸ்கி அந்த நுண்ணுயிரிகளைத் தனித்துப் பிரித்துக் காட்டினார்.

மீனின் செவுளிலிருந்து வெளிவரும் அம்மோனியா நஞ்சு. அதை ஒரு வகை நுண்ணுயிரி நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை ஓரளவு தீங்கற்ற நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. வடிகட்டியில் படியும் பழுப்பு வண்டலின் இடையே இவையும் ஒட்டி வாழ்கின்றன.

வீட்டுக்குள் வந்த வடிகட்டி

20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சரளைக்கு அடியில் தட்டு வைக்கும் வடிகட்டி பரவியது. காற்றுக்குமிழி நீரை மேலே தூக்க, மேல்நீர் சரளை வழியாகக் கீழே இறங்கும். நாளாக நாளாகத் தட்டின் கீழ் வண்டல் சேர்ந்து வழி அடைபடும். தொட்டியையே கலைத்தால்தான் அதை எடுக்க முடியும். பின்னர் வந்த பஞ்சு வடிகட்டி, தொட்டி விளிம்பில் தொங்கும் வடிகட்டி, மூடிய உருளை வடிகட்டி ஆகியவை கழற்ற எளிதாயின. அந்த எளிமையே ஒரு சிக்கலையும் கொண்டுவந்தது. அமெரிக்காவின் ஜெர்சி நகரில் 1908-இல் தொடர்ச்சியாகக் குளோரின் சேர்க்கத் தொடங்கிய பிறகு, உலகெங்கும் நகரக் குழாய்நீரில் குளோரின் வழக்கமாயிற்று. பிரான்சில் குளோரோஃபார்ம் செய்த வேலையை, நம் வீட்டில் குழாய்நீரின் குளோரின் செய்கிறது.

ஓட்டம் குறைந்தால்

அதனால் முதலில் அறிய வேண்டியது அடைப்பு எங்கே என்பதுதான். மின்இணைப்பைத் துண்டித்து, பஞ்சு முதலியவற்றை எடுத்துத் தொட்டிநீர் உள்ள வாளியில் நனைத்து வைக்க வேண்டும். பின் வடிகட்டியை வெறுமையாக ஓட்டிப் பார்க்கலாம். வேகம் திரும்பினால் அடைப்பு பஞ்சில் உள்ளது. திரும்பாவிட்டால் பஞ்சைத் தொடவே வேண்டியதில்லை. உறிஞ்சுமுனைச் சல்லடையில் இலை ஒட்டியிருக்கலாம். குழாயின் உட்புறம் பாசிபோல் வழுவழுப்பு படிந்திருக்கலாம். இம்பெல்லர் எனப்படும் காந்தச் சுழலியில் தலைமுடியோ நத்தை ஓடோ சிக்கியிருக்கலாம். இவற்றைச் சிறு தூரிகையால் தேய்த்துக் கழுவலாம். கோடையில் நீர் வற்றி மட்டம் இறங்குவதும், கழற்றி மாட்டியபின் குழாயில் காற்று அடைப்பதும் பலர் கவனிக்காத காரணங்கள்.

பஞ்சுதான் காரணம் என்றால், தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே இரண்டு மூன்று முறை பிழிந்தால் போதும். பழுப்பு நிறம் இருக்கட்டும். எல்லாப் பொருள்களையும் ஒரே நாளில் கழுவக் கூடாது. பாதியை இன்று பிழிந்தால், மீதியைச் சில வாரம் கழித்துப் பிழியலாம். அதன்பின் சில நாள்கள் தீனியைக் குறைத்து, மீன்கள் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து மூச்சுக்குத் தவிக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். தவித்தால், குளோரின் நீக்கிய நீரைக் கொண்டு தொட்டிநீரில் ஒரு பகுதியை மாற்றுவது உடனடி உதவி. நீர் வெப்பமாகவும் காரத்தன்மை கூடியும் இருந்தால் அம்மோனியாவின் நஞ்சு மிகும் என்பதால், நம் ஊர்க் கோடையில் இந்தக் கவனம் இன்னும் தேவை.

மின்தடை தனிக் கதை. மூடிய உருளை வடிகட்டி பல மணி நேரம் நின்றுவிட்டால், உள்ளே உயிர்வளி தீர்ந்து நுண்ணுயிரிகள் மடியத் தொடங்கும், நீர் நாறும். மின்சாரம் வந்ததும் அது தானாக ஓடி அந்த நீரைத் தொட்டிக்குள் தள்ளிவிடும். நெடுநேரம் மின்சாரம் இல்லாதபோது பிளக்கைப் பிடுங்கி வைத்து, உள்ளிருக்கும் நீரைக் கொட்டிவிட்டுப் பிறகு ஓட்டுவதே முறை.

இந்த நுண்ணுயிரிகளைப் பற்றிய பாடம் இன்னும் மாறிக்கொண்டுதான் இருக்கிறது. நன்னீர்த் தொட்டியில் நைட்ரைட்டை மாற்றுவது, பாடநூல்கள் சொன்ன நைட்ரோபாக்டர் அன்று, நைட்ரோஸ்பைரா என்று 1998-இல் திமோத்தி ஹோவானெக் குழுவினர் காட்டினர். அம்மோனியாவிலிருந்து நைட்ரேட் வரை முழு வேலையையும் ஒரே நுண்ணுயிரி செய்ய முடியும் என்பது 2015-இல் வெளியாயிற்று. அதைக் கண்டறிந்த இரு குழுக்களில் ஒன்றுக்கு அந்த நுண்ணுயிரி கிடைத்த இடம், மீன் வளர்ப்புக்கூடம் ஒன்றின் வடிகட்டி.