சோறு போடும் படிப்பு: பழைய தில்லிக் கல்லூரி சொல்லும் பாடம்

பிளஸ் டூ முடிவு வந்ததும் வீடுதோறும் எழும் முதல் கேள்வி, இந்தப் படிப்பு சோறு போடுமா என்பதுதான். அந்தக் கேள்விக்கு எத்தனை பேர் ஒரே பதிலைச் சொல்கிறார்கள் என்பதை தில்லிப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைப் பட்டியல்கள் ஆண்டுதோறும் காட்டுகின்றன. 2011-இல் ஸ்ரீராம் வணிகவியல் கல்லூரி, பள்ளியில் வணிகவியல் படிக்காத மாணவர்களுக்கு 100 சதவீத மதிப்பெண்ணைக் கட்-ஆஃபாக அறிவித்தபோது நாடே அதைப் பற்றிப் பேசியது. 2022 முதல் பொது நுழைவுத் தேர்வு வந்தது. சேர்க்கை முறை மாறினாலும் கேள்வி மாறவில்லை. அது தவறான கேள்வியும் அல்ல. பிள்ளையின் வருங்காலத்தை நினைக்கிற எந்தக் குடும்பமும் அதைக் கேட்டே தீரும். ஆனால் அந்த ஒரு கேள்வியை மட்டும் வைத்துப் பாடத்தைத் தேர்ந்தெடுப்பது ஆபத்தானது. ஒரு படிப்பின் சந்தை விலை, அதைப் படித்தவரின் உழைக்கும் காலம் முடியும்வரை நிலைப்பதில்லை. இதற்கு வலுவான சான்று அதே தில்லியில், இன்றைய பல்கலைக்கழகம் 1922-இல் தோன்றுவதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முன்பே தொடங்கப்பட்ட ஒரு கல்லூரியின் வரலாற்றில் இருக்கிறது.

அஜ்மீரி வாசலுக்கு வெளியே, முதல் ஹைதராபாத் நிஜாமின் தந்தை காஸியுத்தீன் கான் கட்டிய மதரஸா ஒன்று இருந்தது. 1825-இல் கிழக்கிந்திய கம்பெனி அந்த இடத்தில் தில்லிக் கல்லூரியைத் தொடங்கியது. அரபு, பாரசீகம், சமஸ்கிருதம் ஆகியவற்றைக் கற்ற மாணவர்களுக்கு உதவித்தொகை கிடைத்தது. அந்தக் காலத்தில் பாரசீகம்தான் சோறு போடும் படிப்பு. நீதிமன்றத் தீர்ப்பு, நிலவரிக் கணக்கு, அரசு மனு எல்லாம் அந்த மொழியில்தான் எழுதப்பட்டன. முஸ்லிம் பிள்ளைகளோடு காயஸ்தர், கத்ரி முதலிய இந்துக் குடும்பத்துப் பிள்ளைகளும் கச்சேரி உத்தியோகத்துக்காகத் தலைமுறை தலைமுறையாகப் பாரசீகம் படித்தார்கள். 1828 வாக்கில் சார்ல்ஸ் ட்ரெவெல்யன் போன்ற அதிகாரிகளின் ஊக்கத்தால் ஆங்கில வகுப்பும் திறந்தது. கீழைப் பிரிவு, ஆங்கிலப் பிரிவு என்று கல்லூரி இரண்டாகப் பிரிந்து நின்றது. தில்லிக் குடும்பங்கள் பிள்ளையை எந்தப் பக்கம் அனுப்புவது என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. ஆங்கிலம் படித்தால் மதம் போய்விடும் என்ற அச்சம் ஒருபுறம், புதிய எஜமானர்களின் மொழி என்ற கவர்ச்சி மறுபுறம்.

அவர்கள் கணக்குப் போட்டுத்தான் முடிவெடுத்தார்கள். ஆனால் கணக்கின் அடிப்படையையே அரசு மாற்றிக்கொண்டிருந்தது. 1835-இல் மெக்காலேயின் குறிப்பை ஏற்று, கீழைக் கல்விக்குப் புதிதாக உதவித்தொகை தருவதில்லை என்று பெண்டிங்க் பிரபுவின் அரசு முடிவு செய்தது. 1837-இல் பாரசீகம் நீதிமன்ற மொழி என்ற தகுதியை இழந்தது; வட இந்தியாவில் அதன் இடத்துக்கு உருது வந்தது. 1844-இல் ஹார்டிஞ்ச் பிரபு, அரசு வேலையில் ஆங்கிலம் கற்றவர்களுக்கு முன்னுரிமை என்று அறிவித்தார். 1825-இல் பன்னிரண்டு வயதில் பாரசீகம் படிக்கச் சேர்ந்த ஒரு பையனை எண்ணிப் பாருங்கள். பெற்றோர் எந்தப் பிழையும் செய்யவில்லை. ஆனாலும் அவனுக்கு இருபத்து நான்கு வயதாகும்போது, அவன் படித்த படிப்புக்கான உத்தியோகக் கதவு மூடத் தொடங்கிவிட்டது. ஆங்கிலப் பக்கம் போனவர்களுக்கும் நிரந்தரப் பாதுகாப்பு கிடைத்துவிடவில்லை. அந்த வகுப்பின் முதல் மாணவர்களில் ஒருவரான மோகன்லால் காஷ்மீரி, இருபது வயதிலேயே கம்பெனி அதிகாரி அலெக்சாண்டர் பர்ன்ஸுடன் புகாரா வரை பயணம் செய்தார். முதல் ஆப்கன் போரில் கம்பெனிக்காகக் காபூலில் பாடுபட்டார். அங்கே கம்பெனிக்காக வாங்கிய கடன்கள் அவர் தலையிலேயே விழுந்தன. பிற்கால வாழ்க்கை கடனிலேயே கழிந்தது.

இந்த இரண்டு பாதைகளுக்கும் நடுவே அந்தக் கல்லூரி மூன்றாவது ஒன்றை உருவாக்கியது. 1840-களில் முதல்வராக இருந்த ஃபெலிக்ஸ் பூத்ரோஸ், மேலைநாட்டு அறிவியலை மாணவர்களின் சொந்த மொழியிலேயே கற்பிக்கலாம் என்று நம்பினார். அவர் ஊக்கத்தில் உருவான மொழிபெயர்ப்புச் சங்கம் வடிவியல், இயற்கணிதம், இயந்திரவியல், சட்டம், வரலாறு, பொருளியல் என நூற்றுக்கு மேற்பட்ட நூல்களை உருதுவில் கொண்டுவந்தது. கீழைப் பிரிவில் அரபு இலக்கணம் படித்த மாணவன் அதே உருதுவில் நுண்கணிதத்தையும் படித்தான். அதைக் கற்பித்தவர் ராம்சந்திரா. பத்து வயதில் தந்தையை இழந்து, படிப்பை நடுவில் விட்டுக் குமாஸ்தா வேலை பார்த்து, மீண்டும் உதவித்தொகை பெற்றுக் கல்லூரிக்குத் திரும்பியவர் அவர். நுண்கணிதத்தால் தீர்க்கும் பெரும-சிறும மதிப்புக் கணக்குகளை இயற்கணிதத்தாலேயே தீர்க்கும் வழியை ஒரு நூலாக எழுதி, 1850-இல் கல்கத்தாவில் அச்சிட்டார். இந்திய மாணவனுக்கு இயற்கணிதம் முன்பே பழக்கமானது, அதன் வழியே புதியதற்குப் போகலாம் என்பது அவர் எண்ணம். லண்டன் கணித அறிஞர் அகஸ்டஸ் டி மார்கன் அதன் மதிப்பை உணர்ந்து, 1859-இல் அங்கே மறுபதிப்பாக வெளிவரச் செய்தார்.

இந்த வகுப்பறையில் உட்கார்ந்தவர்களைப் பார்த்தால் என் வாதம் விளங்கும். பிஜ்னோர் பகுதியிலிருந்து வந்த நஸீர் அகமது தில்லியில் ஒரு பள்ளிவாசலில் தங்கி ஓதிய ஏழை மாணவர். வீடுவீடாகப் போய் உணவு வாங்கி வருவதும், ஆசிரியர் வீட்டில் உட்கார்ந்து மசாலா அரைத்துக் கொடுப்பதும் படிப்புக்கு அவர் கொடுத்த விலை. கல்லூரியில் சேர்ந்தபோது அவர் தந்தை ஆங்கில வகுப்பை மட்டும் அடியோடு மறுத்தார். மகன் ஆங்கிலம் படிப்பதைவிடச் செத்துப்போவதே மேல் என்ற அளவுக்குப் போனது அந்த எதிர்ப்பு. மகன் கீழைப் பிரிவில் சேர்ந்து, அரபோடு புதிய அறிவியலையும் கற்றார். பிறகு தானே ஆங்கிலம் கற்று, இந்தியத் தண்டனைச் சட்டத்தை உருதுவில் பெயர்க்கும் பணியில் பங்கேற்று, டெபுடி கலெக்டராகி, 1869-இல் உருதுவின் தொடக்ககால நாவல்களுள் ஒன்றான ‘மிராத்துல் உரூஸ்’ எழுதினார். ராம்சந்திராவின் அன்பு மாணவர் ஸகாவுல்லா கணிதப் பாடநூல்களை எழுதிக் குவித்து, அலகாபாத் மியூர் கல்லூரியில் பேராசிரியரானார். 1857-இல் தந்தையை ஆங்கிலேயர் கொன்ற பிறகு ஊர் ஊராக அலைந்த முகமது ஹுசைன் ஆஸாத், லாகூரில் அரபுப் பேராசிரியராகி உருது இலக்கிய வரலாற்றுக்கு அடித்தளம் இட்டார். அவர்கள் பாடத்தைத் தேர்ந்தெடுத்தபோது இந்த வேலைகளில் பெரும்பாலானவை கண்ணுக்கே தெரியாதவை.

இதற்கு மறுப்புகள் உண்டு. உருது நீதிமன்ற மொழியானதால்தான் இவர்கள் வாழ்ந்தார்கள், ஆகவே இவர்களும் சந்தையின் பிள்ளைகளே என்று ஒருவர் சொல்லலாம். உருது ஆட்சி மொழியானது உதவியது உண்மை. ஆனால் உருது தில்லியில் எல்லோருக்கும் தெரிந்த மொழி. அதனால் மட்டும் யாரும் தண்டனைச் சட்டத்தை மொழிபெயர்த்துவிட முடியாது. அவர்களை வேறுபடுத்தியது அந்த மொழிக்குள் அவர்கள் கற்ற கணிதமும் சட்டமும் வரலாறும். இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. உருதுப் பெருங்கவிஞர் ஹாலி இந்தக் கல்லூரியில் படிக்கவே இல்லையே, அப்படியானால் கல்லூரி எதற்கு என்பது அது. 1850-களில் பானிபட்டிலிருந்து ஓடிவந்து தில்லி மதரஸா ஒன்றில் படித்த அவர், ஆங்கிலக் கல்வியை வெறும் உத்தியோகப் படிப்பாகக் கருதிய சூழலில் வளர்ந்ததால், அந்தக் கல்லூரியை எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்று பின்னாளில் எழுதினார். பிறகு லாகூரில் ஆங்கில நூல்களின் உருது மொழிபெயர்ப்பைத் திருத்தும் வேலையில் அமர்ந்தபோதுதான் புதிய இலக்கியச் சிந்தனை அவருக்கு அறிமுகமானது. வயது முப்பதைத் தாண்டியிருந்தது. நஸீர் அகமதுவுக்குப் பதின்ம வயதிலேயே கிடைத்த உலகம் அது. கல்லூரி இல்லாமலும் மேதை வளரலாம். ஆனால் அதற்கு விலையாக இத்தனை ஆண்டுகள் போகின்றன. எல்லோருக்கும் லாகூர் வேலை கிடைக்கவும் கிடைக்காது.

விருப்பத்துக்கேற்ற படிப்பு வசதியானவர்களுக்குத்தான், ஏழைப் பிள்ளை வேலையைத்தான் பார்க்க வேண்டும் என்பதே நம் வீடுகளில் அதிகம் கேட்கும் மறுப்பு. அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தீர்வு வேறிடத்தில் இருக்கிறது. நஸீர் அகமதுவும் ராம்சந்திராவும் வசதியானவர்கள் அல்லர். அவர்களால் படிக்க முடிந்தது உதவித்தொகையால். 1829-இல் அவத் நாட்டு அமைச்சராக இருந்த ஒரு நவாப் இந்தக் கல்லூரிக்கு 1,70,000 ரூபாய் அறக்கொடை அளித்தார். ஏழைக் குடும்பம் ஒரே ஒரு வேலையை நம்பி ஒரே ஒரு படிப்பில் எல்லாவற்றையும் வைக்கிறது என்றால், தோற்றால் தாங்கிக்கொள்ள அதற்கு வேறு வழி இல்லை என்று பொருள். அந்தப் பாரத்தைப் பிள்ளையின் தலையில் வைப்பதா, சமூகம் பங்கிட்டுக்கொள்வதா என்பதே உண்மையான கேள்வி.

சொந்த மொழியிலேயே புதிய அறிவைக் கற்பித்த தில்லிக் கல்லூரியின் முயற்சி நீடிக்கவில்லை. 1857 கலகத்தில் முதல்வர் ஃபிரான்சிஸ் டெய்லர் கொல்லப்பட்டார், நூலகம் சூறையாடப்பட்டது. பிறகு நடந்த பழிவாங்கலில் பாரசீகப் பேராசிரியர் இமாம் பக்ஷ் ஸஹ்பாயி உயிரிழந்தார். 1864-இல் மீண்டும் திறந்த கல்லூரி 1877-இல் மூடப்பட்டது. அதற்குள் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் ஆங்கிலத்தை உயர்கல்வியின் ஒரே வாசலாக ஆக்கிவிட்டன. நம் யாழ்ப்பாணத்திலும் இதே முயற்சி நடந்தது. மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிரீன் தமிழிலேயே மருத்துவ நூல்களை ஆக்கி மாணவர்களுக்குக் கற்பித்தார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசு உத்தியோகம் தேடி வெளியே போய்விடுகிறார்கள், தமிழில் படித்தவர்கள் கிராமத்தில் தங்கி மருத்துவம் பார்ப்பார்கள் என்பதும் அவர் காரணங்களில் ஒன்று. ஒரு படிப்பின் பயன், அதைப் படித்தவருக்குக் கிடைக்கும் சம்பளத்தோடு முடிவதில்லை என்பதை அவர் அன்றே உணர்ந்திருந்தார்.

இன்று எந்தப் பாடம் என்று முடிவெடுக்கும் மாணவர், வேலைக் கேள்வியோடு இன்னும் மூன்று கேள்விகளையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பேன். இந்தப் பாடத்தில் பத்து ஆண்டு கழித்தும் மாறாத அடிப்படை எது? அதை நான் பொருள் புரிந்து படிக்கும் மொழியிலும் முறையிலும் இந்தக் கல்லூரி கற்பிக்கிறதா? நாளை வேறு துறைக்குப் போக நேர்ந்தால் இது துணை வருமா? இந்த மூன்றுக்கும் ஆம் என்று வரும் படிப்பு வணிகவியலாகவும் இருக்கலாம், வரலாறாகவும் இருக்கலாம், தொழிற்பயிற்சியாகவும் இருக்கலாம். நல்ல பதில் எங்கும் கிடைக்காவிட்டால், பட்டத்துக்காக மட்டும் மூன்று ஆண்டைச் செலவிடாமல் ஓராண்டு வேலை பார்த்துவிட்டுப் படிக்கப் போவதும் மதிக்கத்தக்க முடிவே. குமாஸ்தா வேலையிலிருந்து திரும்பி வந்து படித்த ராம்சந்திராவே அதற்குச் சான்று. பாரசீகத்தின் விலையை 1825-இல் யாரும் சந்தேகிக்கவில்லை. இன்று நாம் சந்தேகிக்காத படிப்புகளுக்கும் ஒரு 1837 வரலாம் என்ற முன்னறிவோடு தேர்ந்தெடுப்பதே, தில்லியின் அந்தத் தலைமுறையிடமிருந்து நாம் கற்க வேண்டிய பாடம்.