தெருவிளக்குக் கம்பம் குறைத்த ஒரு நிறம்

இன்று பதிவு கொஞ்சம் நீளம். டீயை எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளிக்குள் பஸ் நுழைந்ததும் மஞ்சள்–சிவப்புக் கொடி கண்ணில் படும். ஆட்டோ ஸ்டாண்டில், பேக்கரி வாசலில், எங்கும் அதுதான். 1960களில் மா. ராமமூர்த்தி என்பவர் வடிவமைத்தது. மஞ்சளும் குங்குமமும் என்று விளக்கம் சொல்வார்கள். சட்டப்படி அதற்கு மாநிலக் கொடி என்ற தகுதி கிடையாது. ஆனாலும் அதன் கீழே நிற்கிறவனுக்கு அது தன் கொடிதான். நம் தேசியக் கொடியின் நிறங்களுக்குக்கூட முதலில் மதங்களை வைத்துத்தான் விளக்கம் சொன்னார்கள். 1931ல் காங்கிரஸ் அதை மாற்றி தியாகம், உண்மை, நம்பிக்கை என்று பொருள் சொன்னது. துணி முதலில், பொருள் பிறகு. கொடிகளின் வரலாற்றில் இது அடிக்கடி நடப்பது.

இதை எழுதக் காரணம், சிப்காட்டில் வேலை செய்யும் பழைய மாணவன் ஒருவன். வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தான். மேலே பச்சை, நடுவில் வெள்ளை, கீழே நீலம் கடந்து ஊதா. "சார், வானவில் கொடிதானே இவங்க கொடி? இது என்ன புதுசா?" என்று கேட்டிருந்தான். ஏன் கேட்கிறான் என்று நான் கேட்கவில்லை. கேள்விக்குப் பதில் சொல்வது மட்டும்தான் வாத்தியார் வேலை.

தன்பாலீர்ப்புள்ள ஆண்களுக்குக் கிடைத்த ஓர் அடையாளம் அவர்கள் தேர்ந்தெடுத்தது அல்ல. ஜெர்மனியில் 175ஆம் சட்டப் பிரிவின் கீழ் பிடிபட்டு நாஜி முகாம்களுக்குப் போனவர்களின் சட்டையில் இளஞ்சிவப்பு முக்கோணம் ஒன்று தைக்கப்பட்டது. யூதருக்கு மஞ்சள், அரசியல் கைதிக்குச் சிவப்பு, இவர்களுக்கு இளஞ்சிவப்பு. போர் முடிந்து ஹிட்லர் போனபிறகும் அந்தச் சட்டப் பிரிவு போகவில்லை. 1994ல்தான் முழுதாக நீங்கியது. 1970களில் இயக்கத்தினர் அதே முக்கோணத்தை எடுத்துத் தங்கள் சின்னமாக அணிந்துகொண்டார்கள். ஆனாலும் குத்தியவன் கை அதில் தெரிந்துகொண்டே இருந்தது.

நாமே செய்த ஒன்று வேண்டும் என்று நினைத்தவர் கில்பர்ட் பேக்கர். அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர், தையல் கற்றுக்கொண்டவர். 1978ல் சான் பிரான்சிஸ்கோவில் லின் செகர்ப்ளோம், ஜேம்ஸ் மக்நமாரா முதலிய நண்பர்களோடு வெள்ளைப் பருத்தித் துணியைக் குப்பைத் தொட்டிகளில் ஊறவைத்துச் சாயம் ஏற்றினார்கள். திருப்பூர்ப் பக்கம் சாயப்பட்டறை பார்த்தவர்களுக்கு அந்த வாசனை மூக்கில் ஏறும். 30 அடிக்கு 60 அடியில் இரண்டு கொடிகள். ஜூன் 25 ஊர்வலத்தன்று ஏற்றினார்கள். எட்டு நிறங்கள்: இளஞ்சிவப்பு காமம், சிவப்பு உயிர், ஆரஞ்சு ஆற்றுதல், மஞ்சள் சூரிய ஒளி, பச்சை இயற்கை, பச்சை கலந்த நீலம் மாயமும் கலையும், கருநீலம் அமைதி, ஊதா ஆன்மா.

அந்த நவம்பர் 27ல் ஹார்வி மில்க் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒளிக்காமல் நின்று தேர்தலில் வென்றவர். எல்லோரும் கொடி கேட்டார்கள். கையால் சாயம் போட்டுக் கட்டுப்படியாகுமா? கொடிக் கம்பெனியிடம் போனால் இளஞ்சிவப்புத் துணி கிடைக்கவில்லை. அந்த நிறம் போயிற்று. மிச்சம் ஏழு. 1979ல் தெருவிளக்குக் கம்பங்களில் செங்குத்தாகத் தொங்கவிட்டபோது நடுப் பட்டையைக் கம்பம் மறைத்தது. இரட்டைப்படையாக இருந்தால்தான் சரிவரும் என்று இன்னொன்றையும் எடுத்தார்கள். இன்று உலகம் முழுக்கப் பார்க்கிற ஆறு நிறம் இப்படித்தான் வந்தது. காமத்தைக் கொடியிலிருந்து நீக்கியது ஒழுக்கம் பேசியவர்கள் அல்ல, துணிக்கடை ஸ்டாக்! எனக்கு இது மிகவும் பிடித்த செய்தி. பேக்கர் இதற்கு வணிக உரிமை கோரவும் இல்லை. யார் வேண்டுமானாலும் தைக்கலாம்.

தைத்தார்கள். எல்லோரும் தைத்துக்கொண்டதால் வானவில் எல்லோருடையதும் ஆயிற்று. பிறகு இருபாலீர்ப்பினர் 1998லும் மாற்றுப்பாலினத்தவர் 1999லும் தங்களுக்கென்று தனிக் கொடி செய்துகொண்டார்கள். ஆண்களுக்கென்று நீலத்தின் பல சாயல்களில் ஒன்று இணையத்தில் உலவியது. ஆண் என்றால் நீலமா என்று அதற்கு எதிர்ப்பு வந்தது. 2019ல் டம்ப்ளர் தளத்தில் ஒருவர் அதைத் திருத்தி வரைந்ததுதான் என் மாணவன் அனுப்பிய படம். ஏழு பட்டைகள். மூன்று பச்சைகளுக்கும் சமூகம், ஆற்றுதல், மகிழ்ச்சி என்று பொருள். இரண்டு நீலங்களுக்கு அன்பு, மனவுறுதி. ஊதாவுக்குப் பன்மை. நடு வெள்ளை மட்டும், ஆண் பெண் என்ற வரையறைக்குள் அடங்காதவர்களுக்கும் மாற்றுப்பாலினத்தவருக்கும். மற்ற பொருள்களை நிறம் மாற்றி வைத்தாலும் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள் என்பது என் எண்ணம். வெள்ளையை அப்படி மாற்ற முடியாது. 'ஆண்' என்ற சொல்லுக்குள் யாரெல்லாம் உண்டு என்பதை அது சொல்கிறது.

பச்சைக்கு வேறொரு பழைய கதையும் உண்டு. பூ வளர்க்கிற ஓசூர்க்காரர்கள் கேட்க வேண்டியது. 1892ல் லண்டனில் ஆஸ்கார் வைல்டின் நாடகம் அரங்கேறியபோது அவர் நண்பர்கள் சிலர் கோட்டில் பச்சைக் கார்னேஷன் குத்தி வந்தார்கள். வெள்ளைப் பூவின் காம்பைச் சாய நீரில் வைத்தால் பச்சையாகும். தெரிந்தவருக்கு மட்டும் தெரியும் அடையாளமாக அது பேசப்பட்டது. மூன்றே ஆண்டில் வைல்ட் சிறையில்.

அதே ஆங்கிலேயர் 1860ல் எழுதிய 377ஆம் பிரிவு நம்மிடம் 150 ஆண்டுக்கு மேல் இருந்தது. 2009ல் டெல்லி உயர்நீதிமன்றம் தளர்த்தியது, 2013ல் உச்ச நீதிமன்றம் திருப்பிக் கொண்டுவந்தது, 2018 செப்டம்பர் 6ல் அதே உச்ச நீதிமன்றம் வயதுவந்தோர் இசைந்த உறவு குற்றமல்ல என்றது. சென்னை உயர்நீதிமன்றம் வலியுறுத்தியபின் 2022ல் தமிழக அரசு கண்ணியமான சொற்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. பத்திரிகைகள் அதைப் பார்க்கின்றனவா என்பது வேறு விஷயம்.

ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டரில் இருக்கும் பெங்களூருவில் முதல் பெருமித ஊர்வலம் 2008 ஜூன் 29ல் நடந்தது. அன்றைக்கே டெல்லியிலும் கொல்கத்தாவிலும் நடந்தது. முகமூடி போட்டு நடந்தவர்கள் பலர். கொடி பிடித்த கை தெரியலாம், முகம் தெரியக்கூடாது. வீட்டில் அப்பா இருக்கிறார், கம்பெனியில் மேலாளர் இருக்கிறார், 377 அப்போது உயிரோடு இருந்தது. பின்னாளில் அங்கே ஊர்வலம் பெரும்பாலும் நவம்பருக்கு மாறியது. நவம்பர் 1 ராஜ்யோத்சவத்துக்குக் கட்டிய மஞ்சள்–சிவப்புத் தோரணங்கள் அவிழாமல் இருக்கும்போதே அந்தத் தெருக்களில் வானவில்லும் வரும். மஞ்சளும் சிவப்பும் அதிலும் உண்டு.