சைக்கிளுக்குத் திறந்த பூங்கா

"சைக்கிள் உள்ளே வரக்கூடாது" என்ற பலகையைப் பூங்கா வாசலில் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். இறங்கித் தள்ளிக்கொண்டு போனாலும் காவலாளி விசில் ஊதுவார். இதே தடையை எதிர்த்து நியூயார்க் நகரத்தில் வழக்கே நடந்திருக்கிறது.

அங்குள்ள சென்ட்ரல் பார்க்கை வடிவமைத்தவர்கள் ஓம்ஸ்டெட், வாக்ஸ் என்ற இருவர். அதன் சாலைகள் குதிரை வண்டிகளுக்காகப் போட்டவை. அந்நாளைய சைக்கிளுக்கு முன்சக்கரம் நெஞ்சளவு உயரம், பின்சக்கரம் சிறியது. அதைக் கண்டு குதிரைகள் மிரளும் என்று 1880ல் பூங்கா நிர்வாகம் தடை விதித்தது. அதே ஆண்டுதான் 'லீக் ஆஃப் அமெரிக்கன் வீல்மென்' என்ற சைக்கிள்காரர் சங்கமும் தோன்றியது. 1881ல் மூன்று பேர் வேண்டுமென்றே உள்ளே ஓட்டிப் போய்க் கைதானார்கள். நீதிமன்றத்தில் தோற்றார்கள். ஆனால் சங்கம் விடவில்லை. 1887ல் மாநிலச் சட்டமே வந்தது: குதிரை வண்டிக்குள்ள உரிமை சைக்கிளுக்கும் உண்டு.

அதற்குள் சைக்கிளும் மாறிவிட்டது. 1885ல் ஸ்டார்லியின் 'ரோவர்' இரு சக்கரங்களையும் ஏறக்குறைய ஒரே அளவாக்கியது. 1888ல் டன்லப்பின் காற்றடைத்த டயர் வந்தது. விழுந்து எழத் தெம்புள்ள வாலிபர்களின் வண்டி, பெண்களும் வயதானவர்களும் ஏறும் வண்டியானது. 1894ல் புரூக்ளினின் பிராஸ்பெக்ட் பார்க்கிலிருந்து கோனி ஐலண்ட் கடற்கரை வரை சுமார் 9 கிலோமீட்டருக்குச் சைக்கிளுக்கென்றே தனிப்பாதை போட்டார்கள்.

பிறகு கார் வந்தது. 1899ல் சென்ட்ரல் பார்க்குக்குள் அதற்கு அனுமதி கிடைத்தது; போகப் போகச் சாலையே அதன் வசமானது. 1966ல் பூங்கா ஆணையராக இருந்த தாமஸ் ஹோவிங், ஞாயிற்றுக்கிழமைகளில் கார்களை வெளியே நிறுத்தினார். நகரமே சைக்கிளோடு வந்து இறங்கியது. அந்த ஞாயிறு மெல்ல மெல்ல நீண்டு, 2018ல் இரண்டு பூங்காக்களின் சுற்றுச் சாலைகளிலும் கார் அறவே நின்றது. குதிரையை மிரட்டும் என்று விலக்கப்பட்ட சைக்கிள் உள்ளே இருக்கிறது. அதை ஓரம் கட்டிய கார் வெளியே நிற்கிறது. இதற்கு 138 ஆண்டுகள் ஆயின.

மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது, பிராஸ்பெக்ட் பார்க்கில் ஒரு ஞாயிறு காலைக் குழுவோடு வாடகை சைக்கிளில் நானும் சேர்ந்துகொண்டேன். பத்துப் பன்னிரண்டு பேர். பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். முன்னால் போகிறவர் மெதுவாகப் போவார். கடைசி ஆளுக்குப் பின்னால் ஒருவர் துணைக்கு வருவார். ஒரு சுற்று ஐந்தரை கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மேட்டில் மூச்சு வாங்கினால் இறங்கித் தள்ளலாம். யாரும் ஒன்றும் நினைப்பதில்லை.

நம் ஊர்ப் பூங்காக்களில் பாதை குறுகல். நடப்பவர்களும் குழந்தைகளும் அதிகம். நாள் முழுவதும் சைக்கிளை விடச் சொல்ல முடியாது. ஆனால் பெரிய பூங்காக்களிலும், அவற்றைச் சுற்றியுள்ள சாலைகளிலும் ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் கேட்கலாம். நடைப்பயிற்சி நண்பர்கள் பத்துப் பேர் கையெழுத்துப் போட்டு மாநகராட்சியில் ஒரு மனு கொடுத்தால் என்ன? அங்கேயும் கார் வெளியேறத் தொடங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமையில்தான்.