கப்பலோடு போனவர்கள்

மான்டிவிடியோ மாரு என்ற ஜப்பானியக் கப்பல் இரண்டாம் உலகப் போரின்போது, 1942 ஜூலை 1 அதிகாலையில், பிலிப்பைன்ஸின் லூசோன் தீவுக்கு அப்பால் மூழ்கியது. அதன் சரக்கறைகளில் ஏறத்தாழ 1,060 கைதிகள் இருந்தார்கள். அவர்களில் 979 பேர் ஆஸ்திரேலியர்கள். கைதிகளில் ஒருவர்கூட ஊர் திரும்பவில்லை. கடலில் ஒரே நேரத்தில் இத்தனை பேரை ஆஸ்திரேலியா வேறெப்போதும் பறிகொடுத்ததில்லை. ஆனால் அந்தச் செய்தி அவர்களுடைய வீடுகளை எட்ட மூன்றேகால் ஆண்டுகள் ஆயின.

நியூ கினியின் ஒரு பகுதி அப்போது ஆஸ்திரேலியாவின் ஆட்சியில் இருந்தது. அதன் முக்கியத் துறைமுக நகரம், நியூ பிரிட்டன் தீவில் உள்ள ரபோல். அதைக் காக்க 1941இல் அனுப்பப்பட்ட லார்க் படையில் சுமார் 1,400 பேர் இருந்தார்கள். படையின் பெரும்பகுதி விக்டோரியா மாநிலத்தில் திரட்டப்பட்ட 2/22ஆம் பட்டாலியன். அதன் இசைக்குழுவினர் பெரும்பாலும் இரட்சணிய சேனையைச் சேர்ந்தவர்கள். இசையமைப்பாளர் ஆர்தர் குல்லிட்ஜின் தலைமையில் ஒன்றாகவே ராணுவத்தில் சேர்ந்தவர்கள். அந்தக் குழுவில் ஒரே ஒருவர்தான் போருக்குப் பின் உயிரோடு வீடு திரும்பினார்.

1941 டிசம்பரில் ஐரோப்பியப் பெண்களில் பெரும்பாலோரும் குழந்தைகளும் கப்பலேற்றி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். அதிகாரிகளும் வணிகர்களும் தோட்ட உரிமையாளர்களுமான ஆண்கள் அங்கேயே தங்கினார்கள். ரபோலின் சீனக் குடும்பங்களுக்குக் கப்பலில் இடம் தரப்படவில்லை. பின்னாளைய நினைவஞ்சலிகளில் அதிகம் பேசப்படாத அநீதி இது.

1942 ஜனவரி 23 அன்று ஜப்பானியப் படை கரையிறங்கியது. சில மணி நேரத்தில் நகரம் விழுந்தது. காட்டு வழியே தப்பிய சுமார் 400 பேர் ஆஸ்திரேலியாவை அடைந்தார்கள். டோல் தோட்டப் பகுதியில் பிடிபட்ட சுமார் 160 பேர் பிப்ரவரியில் கொல்லப்பட்டார்கள். மற்றவர்கள் ரபோலில் அடைக்கப்பட்டார்கள். அவர்கள் எழுதிய நூற்றுக்கணக்கான கடிதங்களை ஜப்பானிய விமானம் ஒன்று ஏப்ரலில் போர்ட் மோர்ஸ்பி மீது போட்டுச் சென்றது. பல வீடுகளுக்குக் கிடைத்த கடைசிக் கையெழுத்து அதுதான்.

ஜூன் 22 அன்று படைவீரர்களும் பொதுமக்களுமான கைதிகள் மான்டிவிடியோ மாருவில் ஏற்றப்பட்டார்கள். கப்பல் சீனாவின் ஹைனான் தீவை நோக்கிப் புறப்பட்டது. போர்க்கைதிகள் இருப்பதைக் காட்டும் அடையாளம் எதுவும் அதில் இல்லை. அமெரிக்க நீர்மூழ்கியான ஸ்டர்ஜன் அதைப் பின்தொடர்ந்து டார்பிடோ ஏவியது. உள்ளே இருந்தவர்கள் நேச நாட்டவர் என்பதை நீர்மூழ்கியில் இருந்த எவரும் அறியவில்லை. பதினொரு நிமிடங்களிலேயே கப்பல் கடலுக்குள் போய்விட்டது. ராணுவ அதிகாரிகளும் செவிலியர்களும் சில நாள் கழித்து வேறு கப்பலில் ஜப்பானுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அதனாலேயே அவர்களில் பெரும்பாலோர் பிழைத்தார்கள்.

இழப்பு ஜப்பானிய அரசுக்குத் தெரிந்தே இருந்தது. கைதிகளின் பெயர்ப்பட்டியல் டோக்கியோவின் போர்க்கைதிகள் தகவல் அலுவலகத்திலும் இருந்தது. ஆனால் எதிர்த்தரப்புக்கு எதுவும் சொல்லப்படவில்லை. விக்டோரியாவின் வீடுகளில் மனைவியரும் பெற்றோரும் ராணுவத்துக்கும் செஞ்சிலுவைச் சங்கத்துக்கும் எழுதிக்கொண்டே இருந்தார்கள். இறந்துபோனவர்களுக்கு அனுப்பிய கடிதங்கள் அவை என்பது 1945 வரை அவர்களுக்குத் தெரியாது. போர் முடிந்து சிங்கப்பூரின் சாங்கிச் சிறைமுகாமிலிருந்தும் பர்மா ரயில் பாதையிலிருந்தும் கைதிகள் திரும்பத் தொடங்கியபோது, ரபோல் குடும்பங்களும் துறைமுகச் செய்திகளைப் பார்த்துக் காத்திருந்தன. ஆஸ்திரேலிய ராணுவத்தின் மேஜர் எச். எஸ். வில்லியம்ஸ் டோக்கியோவில் அந்தப் பட்டியலைக் கண்டெடுத்தார். 1945 அக்டோபர் 5 அன்று அமைச்சர் எடி வார்ட் நாடாளுமன்றத்தில் உண்மையை அறிவித்தார். குடும்பங்களுக்குத் தந்திகள் வந்தன.

தந்தி வந்தும் பலருக்கு மனம் ஆறவில்லை. உடல் இல்லை, கல்லறை இல்லை, கப்பல் கிடந்த இடமும் தெரியாது. மூலப் பட்டியலும் பின்னர் காணாமல் போனது. ஆட்களை ரபோலிலேயே கொன்றுவிட்டுக் கப்பல் கதையைச் சொல்கிறார்கள் என்ற சந்தேகம் சில குடும்பங்களில் தலைமுறை கடந்தும் நீடித்தது. அந்தச் சந்தேகத்தைக் குறை சொல்ல முடியாது. மூன்றாண்டு மௌனத்துக்குப் பிறகு வந்த ஒற்றைத் தாளை நம்பு என்பது பெரிய கோரிக்கை. பொதுநினைவிலும் இவர்களுக்கு இடம் குறைவாகவே இருந்தது. கொண்டாடத்தக்க போர்முனை எதுவும் இல்லை. கப்பலை மூழ்கடித்த டார்பிடோ நட்பு நாட்டினுடையது. மேலும், இறந்தவர்களில் 200க்கும் மேற்பட்டோர் சீருடை அணியாதவர்கள். ராணுவ நினைவுச்சின்னங்களின் வரையறைக்குள் அவர்கள் அடங்கவில்லை.

இந்த இழப்பை நாட்டின் நினைவுக்குக் கொண்டுவந்தவர்கள் பிள்ளைகளும் பேரக்குழந்தைகளும்தான். பாடகராக இருந்து அமைச்சரான பீட்டர் கேரட்டின் தாத்தா இந்தக் கப்பலில் போனவர். அவரை மிட்நைட் ஆயில் குழுவின் பாடலொன்றில் கேரட் நினைவுகூர்ந்தார். தொழிற்கட்சித் தலைவராக இருந்த கிம் பீஸ்லியுடைய தந்தையின் சகோதரர் மெதடிஸ்ட் மிஷனில் பணியாற்றியவர். அவரும் கப்பலோடு போனார். 2009இல் உறவினர்கள் ரபோல் மற்றும் மான்டிவிடியோ மாரு சங்கத்தைத் தொடங்கினார்கள். 2012 ஜூலை 1 அன்று, எழுபது ஆண்டுகள் கழித்து, கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தின் வளாகத்தில் ஒரு நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஜப்பானிய அரசு பெயர்ப்பட்டியலின் நகலை ஆஸ்திரேலியாவிடம் ஒப்படைத்தது. ஜப்பானிய எழுத்தில் ஒலிபெயர்க்கப்பட்டிருந்த பெயர்களை ஒவ்வொன்றாக அடையாளம் காண வேண்டியிருந்தது. அதன் பிறகே உறவினர்கள் தங்கள் வீட்டுப் பெயரைப் பட்டியலில் பார்த்து உறுதிசெய்ய முடிந்தது.

கப்பல் கிடைத்தது 2023 ஏப்ரலில். சைலன்ட்வேர்ல்ட் அறக்கட்டளை, ஃபுக்ரோ நிறுவனம், ஆஸ்திரேலிய ராணுவம் ஆகியவை சேர்ந்து, தென்சீனக் கடலில் 4,000 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் அதைக் கண்டறிந்தன. டைட்டானிக் கிடக்கும் ஆழத்தைவிட இது அதிகம். போரில் இறந்தவர்களை ஆஸ்திரேலியா நினைவுகூரும் ஆன்சாக் நாளுக்குச் சில நாட்களுக்கு முன் செய்தி வெளியிடப்பட்டது. தந்தையைக் குழந்தைப் பருவத்தில் இழந்தவர்களில் சிலர் அப்போதும் உயிரோடு இருந்தார்கள். சிதைவிலிருந்து எதையும் எடுப்பதில்லை, அந்த இடத்தைத் தொந்தரவு செய்வதில்லை என்று குடும்பங்களின் உணர்வை மதித்து முடிவு செய்யப்பட்டது.