கரியில் வடிகட்டிய பால்

ஆபீஸ் காபிக்குச் சர்க்கரைக்குப் பதிலா போடுற பாக்கெட்டைத் திருப்பிப் பாத்திருக்கீங்களா? அஸ்பார்டேம் கலந்ததுன்னா, ஃபினைல்கீட்டோன்யூரியா இருக்கிறவங்களுக்கு ஆகாதுன்னு பொடி எழுத்துல போட்டிருக்கும். அது என்னன்னு தேடப் போய் ஒரு ராத்திரித் தூக்கம் போச்சு.

புரதத்தில் இருக்கிற ஃபினைல்அலனின் என்கிற அமினோ அமிலத்தை மாற்றுகிற நொதி சிலருக்குப் பிறவியிலேயே வேலை செய்யாது. அது ரத்தத்தில் சேர்ந்து சேர்ந்து மூளையைக் கெடுக்கும். 1934-ல் நார்வேயில் ஃபோலிங் என்கிற டாக்டர் நோயைக் கண்டுபிடிச்சார். வைத்தியம்? ஒண்ணும் கிடையாது. பால், முட்டை, பருப்பு, ஏன், அரிசியில்கூட அந்த அமிலம் இருக்கு. புரதத்தையே நிறுத்திட்டா குழந்தை வளராது.

1951. இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் குழந்தைகள் மருத்துவமனை. ரெண்டு வயசு வாக்கில் ஒரு பெண் குழந்தை. நிக்க, நடக்கத் தெரியாது. தலையை முட்டிக்கிட்டு ஓயாத அழுகை. ஹார்ஸ்ட் பிக்கெல் என்ற இளம் டாக்டர் நோயின் பேரைச் சொல்லிட்டார். அந்த அம்மாவுக்குப் பேர் எதுக்கு? தினமும் காலையில் ஆய்வுக்கூட வாசலில் வந்து நின்னு, மருந்து என்னன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்களாம்.

லண்டனில் லூயி உல்ஃப் ஒரு யோசனை சொன்னார். பால் புரதமான கேசீனை அமிலத்தில் உடைச்சு, கரியில் வடிகட்டினா ஃபினைல்அலனின் கரியோட போயிடும். கரி அதோட நிக்குமா? டைரோசின், டிரிப்டோஃபேனையும் இழுத்துக்கிச்சு. அதையெல்லாம் தனியா திரும்பச் சேர்த்தாங்க. ஃபினைல்அலனின் சுத்தமா இல்லாம கொடுத்தப்போ குழந்தை எடை குறைஞ்சது. உடம்பு தன் சொந்தப் புரதத்தையே உடைக்க ஆரம்பிச்சிருந்தது. அதனால அளந்து கொஞ்சம் பால் சேர்த்தாங்க.

சில மாசத்தில் குழந்தை தவழ்ந்தாள், எழுந்து நின்னாள். நாற்காலியில் ஏறினாள். தலையை முட்டிக்கிறது நின்னுபோச்சு.

தூக்கம் போனது இதுக்கப்புறம்தான். இது உணவாலதான்னு எப்படி நிரூபிக்கிறது? அம்மாவுக்குச் சொல்லாமலே, தினம் 5 கிராம் ஃபினைல்அலனினை அந்தக் கலவையில் போட்டாங்க. ஒரே நாளில் பழைய அழுகை, பழைய முட்டல். நிக்க முடியலை.

நாங்களும் பிழையைத் திருத்தினா, பழைய கோடைத் திரும்பப் போட்டுச் சரிபார்ப்போம். ஆனா அது கம்ப்யூட்டர், பத்து மாசமா தெய்வத்தைக் கும்பிட்டுக் காத்திருந்த அம்மா இல்லையே! பிறகு அந்த அம்மாவின் சம்மதத்தோட மருத்துவமனையிலேயே திரும்பச் செஞ்சு படமும் எடுத்தாங்க. முதல் தடவையே கேட்டிருக்கலாம். தினமும் வாசல்ல நின்னவங்கதானே?

1953-ல் லேன்செட் இதழில் பிக்கெல், ஜெரார்டு, ஹிக்மன்ஸ் மூணு பேரும் எழுதினாங்க. அறுபதுகளில் ராபர்ட் கத்ரி, குதிகாலில் எடுத்த சொட்டு ரத்தத்தில் நோயைக் கண்டுபிடிக்கிற வழியைக் கொண்டுவந்தார். பிறந்த சில நாளிலேயே கலவையை ஆரம்பிச்சா மூளை தப்பிக்கும். பர்மிங்ஹாம் குழந்தைக்கு அது ரொம்பத் தாமதம்; ஏற்கனவே கெட்டுப்போன மூளை முழுசா மீளலை.

அந்தக் கலவையின் நாத்தமும் கசப்பும் இன்னும் முழுசா போகலை. அதைத்தான் ஒரு நாளைக்கு மூணு நாலு தடவை, ஆயுசு பூரா குடிக்கிறாங்க.