கோர்வைக்கு இரண்டு ஆள்

காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள கிராமங்கள் பட்டணமாகி வருகின்றன என்கிறார்கள். வாஸ்தவந்தான். ஆனால் அவை என்றைக்குச் சுத்தக் கிராமங்களாக இருந்தன என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. அய்யம்பேட்டையிலும் முத்தியால்பேட்டையிலும் குழித்தறியில் உட்கார்ந்திருந்தவன் நெல் விலையைவிடப் பட்டு விலையைத்தான் கவனித்தான். நூல் கர்நாடகத்திலிருந்து வரவேண்டும். சரிகை பெரும்பாலும் சூரத்துச் சரக்கு. பாவு வாங்கவும், நெய்த புடவையைக் கொடுத்துக் கூலி வாங்கவும் முதலாளி வீட்டுக்கோ கூட்டுறவுச் சங்கத்துக்கோ காஞ்சிக்கு நடந்தான். கிராமம் பட்டணத்துக்குப் போய்வந்த காலம் அது.

பிறகு பட்டணமே பஸ் ஏறிக் கிராமத்துக்கு வந்தது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா வந்தது. பொழுது விடியுமுன்பே கம்பெனி பஸ் கிராமத்து முனையில் நின்று பெண்களை ஏற்றிக்கொண்டு போயிற்று. 2014-இல் நோக்கியா ஆலையை மூடிவிட்டார்கள். பஸ் மட்டும் நிற்கவில்லை. இப்போது வேறு கம்பெனிப் பெயர்களோடு வருகிறது.

இதனால் தறிக்கு என்ன வந்தது என்று கேட்கலாம். கோர்வைப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் தனித்தனி நாடா, ஆக மூன்று. ஒரு பக்கத்துக் கரை நாடாவைத் தள்ள, நெய்கிறவன் அருகில் இன்னொருவர் உட்காரவேண்டும். அந்த இன்னொருவர் வெகுகாலம் வரை ஒரு குழந்தை. முன்பணம் வாங்கிக்கொண்டு பிள்ளையைப் பிறத்தியார் தறிக்கு விட்ட வீடுகளும் உண்டு. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தபோது, சொந்த வீட்டுத் தறிக்கு விலக்குக் கொடுத்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையும் 'சொந்தம்' ஆகிவிட எத்தனை நேரம் ஆகும்?

பள்ளிக்கூடமும் பஸ்ஸுமாகச் சேர்ந்துதான் மெள்ள மெள்ள அந்தப் பிள்ளைகளை எழுப்பி விட்டன. கலை அழிகிறதே என்று சென்னையில் அங்கலாய்ப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கோபம் வருகிறது. அவர்கள் பீரோவில் இருக்கும் பழைய கோர்வைப் புடவையின் ஒரு கரை, பத்து வயதுக் கை தள்ளிய நாடாவாக இருக்கலாம். அந்தக் கை இன்று மாதச் சம்பளம் வாங்குகிறது என்றால் யாருக்கு நஷ்டம்?

நஷ்டம் நெசவாளிக்குத்தான். பலர் கோர்வையை விட்டு, ஒற்றை ஆளே நெய்யக்கூடிய புடவைக்கு மாறிவிட்டார்கள். விடாதவர் வீட்டில் அந்த இடத்தில் மனைவி உட்காருகிறாள். அடுப்பையும் பார்க்கவேண்டும், நாடாவையும் தள்ளவேண்டும். அவள் எழுந்துபோனால் தறி நிற்கிறது.