தோட்டத்தைத் தேடிப் போன போதகர்: நெல்லூரிலிருந்து நேட்டால் வரை

கோலா சிலாங்கூர், புக்கிட் ரோத்தான், பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத் தோட்டத் தமிழரின் கிறிஸ்தவ வரலாற்றைத் தேடினால் மெதடிஸ்ட், லூத்தரன், ஆங்கிலிக்கன், கத்தோலிக்கத் தடங்கள் கிடைக்கும். பாப்டிஸ்ட் தடம் மெலிவானது. மலாயாவில் அந்தச் சபை 1930களின் பிற்பகுதியில் சுவாத்தோ சீனர் வழியாக வேரூன்றியது. அமெரிக்க மிஷனரிகள் 1951இல் வந்தனர். பினாங்கு இறையியல் கல்லூரி 1954இல் எழுந்தது. தோட்டத் தமிழரின் பெரட்டுக் களத்துக்கும் பால்மரக் காட்டுக்கும் அது ஏன் வந்து சேரவில்லை? விடை தேட, தோட்டத் தொழிலாளரே அழைத்து வந்த ஒரு பாப்டிஸ்ட் போதகரின் வரலாறு உதவும். அவர் ஜான் ரங்கையா.

கதை ஆந்திரக் கரையில் தொடங்குகிறது. சாமுவேல் டே 1840இல் நெல்லூரில் நிலைநிறுத்திய அமெரிக்கப் பாப்டிஸ்ட் மிஷன் பல்லாண்டு காலம் பலனின்றித் தவித்தது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில், அம்மிஷனைச் சேர்ந்த, ஓங்கோலில் இருந்த ஜான் கிளஃப் பக்கிங்ஹாம் கால்வாயின் ஒரு பகுதியை வெட்டும் குத்தகையை எடுத்துப் பசித்தவர்களுக்குக் கூலி வேலை கொடுத்தார். வேலை நடந்த காலம் முழுவதும் யாருக்கும் ஞானஸ்நானம் தர மறுத்துவிட்டார். சோற்றுக்காக மாறினார்கள் என்ற பேச்சு வரக்கூடாது என்பதே காரணம். பஞ்சம் தணிந்தபின், 1878 ஜூலை 3 அன்று குண்டலகம்மா ஆற்றில் 2,222 பேர் முழுக்கு ஞானஸ்நானம் பெற்றனர். ஆறு போதகர்கள் இருவர் இருவராக மாறி மாறித் தண்ணீரில் நின்றார்கள். பெரும்பாலோர் மாதிகர் எனும் ஒடுக்கப்பட்ட சாதியினர்.

ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களில் இந்தச் சபையாரும் இருந்தனர். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகள் வந்திறங்கிய தென்னாப்பிரிக்க நேட்டாலின் கரும்பு, தேயிலைத் தோட்டங்களுக்கு அவர்கள் போனார்கள். மேய்ப்பர் இல்லை என்று அங்கிருந்து ஊருக்கு எழுதினார்கள். தெலுங்குப் பாப்டிஸ்டுகள் தாங்களே நடத்திய உள்நாட்டு மிஷன் சங்கம் ரங்கையாவை அனுப்பியது. 1903 ஜூனில் குடும்பத்தோடு டர்பனில் இறங்கினார். அவ்வாண்டு டிசம்பரில் கியர்ஸ்னி தேயிலைத் தோட்டத்தில் முதல் தெலுங்குப் பாப்டிஸ்ட் சபை உருவானது. அனுப்பியவரும் இந்தியர், அழைத்தவரும் இந்தியர் என்பதுதான் இதில் முக்கியம். அதே 1903 பிப்ரவரியில் திருநெல்வேலியில் தமிழ்க் கிறிஸ்தவரான அசரியா முதலியோர் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினர். அது ஆள் அனுப்பியது தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல்லுக்கு. தமிழர் தெலுங்கு நாட்டுக்குப் போன நாளில் தெலுங்கர் கடல் கடந்தனர்.

கியர்ஸ்னியின் முதலாளி ஹியூலெட் மெதடிஸ்ட் சபையார். தோட்டத்துக்குள் ஆராதனை நடத்துவது ரங்கையாவுக்கு அதனால் எளிதாகியிருக்கலாம் என்பது என் ஊகம். துரையின் கண்ணசைவு இல்லாமல் லயத்துக்குள் வேற்றாள் நுழைய முடியாத காலம் அது. சிலாங்கூரிலும் அதே நிலைதான். நேட்டாலில் போதகருக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. ஒப்பந்தம் ஐந்தாண்டு. முடிந்ததும் மறு ஒப்பந்தமிட வேண்டும்; அல்லது ஊர் திரும்ப வேண்டும்; இரண்டும் வேண்டாமென்றால் 1895 சட்டப்படி ஆண்டுக்கு மூன்று பவுண்டு வரி கட்ட வேண்டும். கூட்டம் அடிக்கடி கலைந்த இடத்தில் ஒரு கட்டடத்தை நம்பிச் சபை நடத்த முடியாது. ஆட்கள் போன இடமெல்லாம் போதகரும் போக வேண்டும். 1911இல் ஆள் வருகை நின்றது. இந்தியத் தொழிலாளரின் 1913 வேலைநிறுத்தம் கரும்புத் தோட்டங்களையும் உலுக்கியது. அடுத்த ஆண்டு அந்த வரி ஒழிந்தது. 1915 டிசம்பரில் ரங்கையா காலமானார். பன்னிரண்டு ஆண்டு ஊழியம்.

சிலாங்கூருக்கு ஆள் வந்தது வேறு வழியில். கங்காணிகள் சேலம், திருச்சி, தஞ்சை, வட ஆற்காட்டுக் கிராமங்களிலிருந்து சொந்தபந்தங்களைத் திரட்டி வந்தனர். அப்பகுதிகளில் பாப்டிஸ்டுகள் சொற்பம். ஆயினும் ஆள் வந்த பாதை ஒன்றையே காரணமாகக் காட்ட முடியாது. கீழ்ப்பேராக் தெலுங்கரில் பலர் விசாகப்பட்டினப் பக்கத்தவர். கனடியப் பாப்டிஸ்டுகள் அங்கே ஊழியம் செய்தும், கியர்ஸ்னியைப் போன்றதொரு சபை பேராக்கில் எழவில்லை. அழைத்துக் கடிதம் எழுதும் சபையார், செலவேற்கும் ஊர்ச் சங்கம், கதவு திறக்கும் துரை ஆகிய மூன்றும் நேட்டாலில் ஒருங்கே வாய்த்தன.

1917இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமாக ஃபோகோனியே என்ற தோட்டக்காரர் உருவாக்கிய தென்னமரம் எஸ்டேட் தொடங்கி, வட சிலாங்கூர்த் தோட்டங்கள் பயிர் மாறின, கைமாறின, பல துண்டாடப்பட்டன. அங்கிருந்த சிற்றாலயங்களின் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளே இந்த வரலாற்றுக்குச் சான்று. அவை எவர் வீட்டுப் பெட்டியிலாவது இருந்தால், எந்தச் சபையுடையதாயினும், பழைய தாளென்று எரித்துவிடாமல் ஆவணக் காப்பகத்தில் ஒப்படையுங்கள்.